போக ஒரு வழி, வர ஒரு வழி

கொள்ளிடம் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, மனஸ்தாபப்பட்ட இரண்டு சம்பந்திகள் மாதிரி முகம் பார்க்காமல் ஒரு மைல் ஓடி, பிறகு எதற்குக் கோபித்துக்கொண்டோம் என்பதே மறந்துபோய் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்; அந்த ஒரு மைலுக்கு நடுவில் இருப்பதுதான் நாணல்திட்டு. அங்கே நாற்பத்திரண்டு வீடுகள், கத்திரி, சோளம், மல்லிகை, எட்டுப் படகுகள். எதிரே மேலக்கரை, அங்கேதான் பஸ் நிற்கும், அங்கேதான் ரேஷன் கடை, நர்ஸ் இருக்கும் சுகாதார நிலையம், ஹபீபு ராவுத்தரின் டீக்கடை, டீக்கடைச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு அஞ்சுகத்தின் ரேடியோ ரிப்பேர் கடை. திட்டுக்கும் கரைக்கும் இடையில் ஒரு பாலம் கட்ட ஆரம்பித்து, ஏழு தூண்களோடு நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். அந்தத் தூண்களின் மேல் நாரைகள் நின்றன.

தண்ணீர் வந்துவிட்டால் திட்டுக்காரர்கள் கரையைப் பார்த்துக் கத்துவார்கள், காற்று அதில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவந்து போடும். ஒரு வருஷம் "பாம்பு, பாம்பு" என்று கத்தியது இங்கே "பம்பு" என்று விழுந்து, நாலு பேர் உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டு ஒரு டீசல் பம்பைக் கொண்டுபோய் இறக்கினார்கள். கடித்தது சாரையாக இருந்ததால் கடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். பம்பைப் பார்த்து அவரே சிரித்தார். சிரிக்காதவள் அஞ்சுகம் ஒருத்திதான்.

அஞ்சுகத்துக்கு அப்போது முப்பத்தாறு வயது. திட்டில் வாழ்க்கைப்பட்டவள், புருஷன் கலியமூர்த்தி படகு வைத்திருந்தான், காலையில் அவளைக் கரையில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் கூட்டிப்போவான். அவள் கை வைத்த ரேடியோ மறுபடி வாயை மூடியதில்லை என்று ஏழு ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு அவளுக்கும் தெரியும், அது பொய் என்று அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. டெலிபோனுக்கு மனுப் போட்டுப் போட்டு ஊர் அலுத்திருந்த ஒரு மத்தியானம் அவள் காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப்போட்டு, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு படம் போட ஆரம்பித்தாள்.

முதல் படம் எளிமையானது. ஸ்பீக்கர் பேசவும் செய்யும், அதனிடம் நாம் பேசினால் கேட்கவும் செய்யும். ஆக இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் இரண்டு டிரான்சிஸ்டர் போட்ட ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், ஒரு சுவிட்ச். அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். தன் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே கம்பி இழுத்து அதைச் சோதித்தாள். ராவுத்தர் சுவிட்சை அழுத்தினார், பேசினார், பேசி முடித்த பிறகும் அழுத்திக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தார்.

"விரலை எடுங்க பாய்!" என்று அவள் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"எடுத்தா லைன் போயிராதா தங்கச்சி?"

அந்தக் காலண்டர் தாளை அவள் கசக்கி எறிந்தாள். "அவசரத்துல எவனும் விரலை எடுக்க மாட்டான். ஆளுக்குத் தக்கனதான் சர்க்யூட் போடணும்" என்றாள்.

இரண்டாவது படத்தில் சுவிட்சே இல்லை. போக ஒரு வழி, வர ஒரு வழி. வழிக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு டிரான்சிஸ்டர், நாலு கம்பி. இரண்டு ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியும் அவள் கடையிலேயே இருக்கும், திட்டில் கெட்டுப்போக ஒன்றுமே இருக்காது, இரண்டு மரப்பெட்டிகளில் வெறும் இரண்டு ஸ்பீக்கர்கள்தான், பேச ஒன்று, கேட்க ஒன்று. இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் போய் அங்கிருந்து திரும்பி வந்து சுற்றிச் சுற்றிப் பெரிதாகி ஊளையிட்டது. பேசும் பெட்டியையும் கேட்கும் பெட்டியையும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி வைத்தாள், ஊளை நின்றது. சித்திரை வெயிலில் டிரான்சிஸ்டர் கொதித்து மயங்கியது. செப்புத் தகட்டை வெட்டி அதன் தலையில் தொப்பியாகப் போட்டு, ரெசிஸ்டரை மாற்றினாள், மயக்கம் தெளிந்தது. கலியமூர்த்தி தூண் தூணாகப் படகைக் கட்டி, நாரைகளிடம் திட்டு வாங்கி, ஏழு தூண் மேலும் கம்பியைக் கொண்டுபோனான்.

முதல் முதலாகப் பேசப்போகிற அன்று ஊரே கடை வாசலில் நின்றது. கலியமூர்த்தி திட்டிலிருந்து பேசவேண்டும். அன்று காலையில்தான் அவன் உள்ளங்கையில் கெளுத்தி முள் குத்தி, கை மணிக்கட்டுவரை வீங்கியிருந்தது.

"அஞ்சுகம், கேக்குதா?" என்றான்.

கம்பீரமாகக் கேட்டது. பக்கத்தில் நிற்பது மாதிரி, மூச்சு விடுவதுகூடக் கேட்டது. ஜனங்கள் கை தட்டத் தொடங்கி, பாதித் தட்டலில் நிறுத்தி, அவரவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னங்க, கையில என்ன?" என்று கேட்டாள் அஞ்சுகம்.

"கெளுத்தி குத்திருச்சு. காலையிலேருந்து உயிர் போவுது, ஆனா பாரு, இப்பப் பேச ஆரம்பிச்சதும் நின்னுருச்சு."

அவன் பேச்சை நிறுத்திப் பெட்டியைவிட்டு நகர்ந்ததும், வலி கரையிலிருந்து கிளம்பி, ஏழு தூண்களையும் தாண்டி அவன் கைக்கே திரும்பிப் போனது.

இப்படித்தான் அது தெரியவந்தது. குரலோடு வலியும் வந்தது. பேசுகிறவருக்கு அந்த நேரத்துக்கு வலி இருக்காது. கேட்கிறவர்களுக்கு அது பங்காகப் பிரிந்து போகும். ஒருத்தர் கேட்டால் முழுசும், நாலு பேர் கேட்டால் நாலில் ஒன்று. பேச்சு நின்றால் வலி வீடு திரும்பிவிடும். அஞ்சுகம் மீட்டரை வைத்துக் கம்பி கம்பியாகப் பார்த்தாள், டிரான்சிஸ்டரைக் கழற்றி வேறு போட்டாள், கண்டன்சரை மாற்றினாள். கரண்ட் எவ்வளவு ஓடவேண்டுமோ அவ்வளவுதான் ஓடியது.

"சர்க்யூட்ல ஒரு குறையும் இல்ல. குரல் சுத்தமா வருது. கூட எது வந்தாலும் அதுக்கு என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அன்றைக்குக் கடையைப் பூட்டினாள்.

ஒரு மாதத்துக்குள் ஊர் அதற்கேற்ற ஒழுங்கைக் கற்றுக்கொண்டது. தலைவலியோடு போய்ப் பெட்டிமுன் உட்காருவது மரியாதையில்லை என்றானது, அப்படி உட்கார வேண்டியிருந்தால் முதலில் "எனக்குத் தலைவலி, யாருக்குச் சம்மதம்?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசவேண்டும். செவ்வாயும் வெள்ளியும் திட்டுக்காரர்கள் முழங்கால் வலியை அனுப்பினார்கள், அதைக் கரையில் டீ குடிக்க வந்தவர்கள் பதினைந்து பேராக வாங்கிக்கொண்டார்கள், ஆளுக்கு ஒரு எறும்புக்கடி அளவுகூட வரவில்லை. புதனும் சனியும் கரையிலிருந்து பல்வலி போனது, அங்கே மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் பூக்கட்டுவதை நிறுத்தாமல் அதை வாங்கினார்கள். வருஷக்கணக்காக இடுப்பு வலியில் இருந்தவர்கள் கால் மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து, கத்திரிச் செடியில் விழுந்த பூச்சியைப் பற்றி ஆசை தீரப் பேசிவிட்டுப் போனார்கள். மனக்கஷ்டத்தைச் சொல்லி அனுப்பப் பார்த்தவர்களும் உண்டு. அது கம்பியில் ஏறவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டதால் கொஞ்சம் லேசாக இருந்தது என்றார்கள்.

ரேஷன் கடை பட்டுசாமிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "எவன் வலியோ எனக்கு எதுக்கு? கம்பியை அறுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், மேலே எழுதியும் போட்டார். விசாரிக்க ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார், ஜீப்பில் வந்ததால் முதுகுவலியோடு வந்தார். பெட்டிமுன் உட்கார்ந்து திட்டுக்காரர்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்தவர், கேள்விகள் தீர்ந்தபிறகு அவர்கள் என்ன குழம்பு வைத்தார்கள் என்று விசாரித்து, அந்தக் குழம்பின் பக்குவத்தை விசாரித்து, இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து, குறை ஒன்றும் தென்படவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அதன்பிறகு பட்டுசாமி அஞ்சுகத்தின் கடையைத் தாண்டும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடந்தார்.

அந்த ஐப்பசியில் கலியமூர்த்தியின் தங்கை தையல்நாயகிக்கு நிறைமாதம். அவள் புருஷன் மகாலிங்கம் வெள்ளிக்கிழமை அவளைக் கரைக்குக் கூட்டிவருவதற்கு எல்லாம் பேசிவைக்க, வியாழக்கிழமை விடிந்ததும் தனியாகப் படகேறி வந்தான், வந்து இறங்கிய ஒரு மணி நேரத்தில் மேலே எங்கேயோ மதகு திறந்துவிட்டார்கள். செம்மண் நிறத்தில், வேரோடு பிடுங்கிய மரங்களைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீர் வந்தது. ஏழு தூண்களில் நாலின் கழுத்துவரை ஏறியது. அஞ்சுகத்தை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்த கலியமூர்த்தி திட்டிலேயே மாட்டிக்கொண்டான். படகு என்று சொல்லவே யாருக்கும் வாய் வரவில்லை.

எட்டு மணிக்குப் பெட்டி பேசியது.

"அண்ணி."

"சொல்லு தையலு."

"அண்ணி, அது வந்து..." என்று அவள் இழுத்ததும் கடைக்குள் இருந்த மூன்று பேரும், அஞ்சுகம், மகாலிங்கம், டீ கொடுக்க வந்த ராவுத்தர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்கள். ராவுத்தர் கையிலிருந்த கிளாஸ் உருண்டது. மூன்று பங்காக வந்தும் அது அஞ்சுகம் அதுவரை அறிந்த எந்த வலி மாதிரியும் இல்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் அலறப்போன நேரத்தில் ஒன்று மூளையில் பட்டது. போகிற வழியும் திறந்திருக்கிறது. இங்கே கத்தினால் இந்த வலி அப்படியே அங்கே போய்விடும்.

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மற்ற இருவருக்கும் சைகை காட்டினாள். மகாலிங்கம் தன் தோள் துண்டைக் கடித்தான். ராவுத்தர் தொப்பியைக் கடித்தார்.

வலி தணிந்ததும் அவள் குரலைச் சரிசெய்துகொண்டு பேசினாள். "தையலு, பெட்டிகிட்டயே பாயைப் போட்டுப் படு. வலி வர்றப்ப வாயை மூடாத, முனகு, பாடு, எங்களைத் திட்டு, என்ன வேணாப் பண்ணு, சத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருக்கணும். அங்க கூட யாரு இருக்கா?"

"சாரதாக்கா இருக்கு. ஆனா அது மாட்டுக்குத்தான் பார்த்திருக்காம்."

"போதும். நர்ஸக்கா இங்கேருந்து சொல்லுவாங்க."

நர்ஸ் குளோரி ஓடிவந்தார். வந்த வேகத்தில் அடுத்த வலி அவரையும் பிடித்துச் சுவரோரம் மடக்கிப்போட்டது. அது போனதும் அவர் எழுந்து, "எனக்கே இப்படி வந்தா நான் எப்படி அவளுக்குச் சொல்றது?" என்றார்.

"பஞ்சை வச்சிக் காதை அடைச்சிக்குங்க. வலி வர்றப்ப நான் உங்க மணிக்கட்டை அழுத்துறேன், நீங்க பேசுங்க. விட்டதும் பஞ்சை எடுத்து அவங்க சொல்றதைக் கேளுங்க" என்றாள் அஞ்சுகம்.

அப்படியே செய்தார்கள். ஆனால் மூன்று பேரால் எத்தனை மணி நேரம் தாங்க முடியும்? மகாலிங்கம் நாலாவது வலியில் மயங்கி விழுந்தான், தண்ணீர் தெளித்ததும் எழுந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தான். "என் பங்கைக் குறைக்காதீங்க" என்றான். ராவுத்தர் வெளியே போய் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். "தையலுக்கு வலி. உள்ளே வாங்க. கத்தக் கூடாது" என்றார். அவர்கள் டீயை வைத்துவிட்டு வந்தார்கள்.

பத்து மணிக்கு முப்பது பேர். கடை கொள்ளாததால் அஞ்சுகம் கோயில் மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் வரவழைத்து, வருகிற வழியின் வாலில் அந்த ஆம்ப்ளிஃபயரைக் கோத்து, ஊளை எழும்பாமல் இருக்கக் குழாயைப் பேசும் பெட்டிக்கு முதுகு காட்டி, பஸ் நிற்கிற பக்கம் திருப்பிக் கட்டினாள். கும்பகோணத்திலிருந்து வந்த பஸ் நின்றது, இறங்கியவர்கள் ஒரு பெண் முனகுவதைக் கேட்டார்கள், கேட்ட கணமே வயிற்றைப் பிடித்தார்கள், சுற்றிலும் ஜனங்கள் துணியைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து எதுவும் கேட்காமல் தாங்களும் துணியைக் கடித்தார்கள். டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். பிள்ளை பெற்ற பெண்கள், பெறாத பெண்கள், மீசை வைத்தவர்கள், கோர்ட்டுக்குப் போகவேண்டியவர்கள், கல்யாணத்துக்குப் போகவேண்டிய பட்டுப்புடவைக்காரர்கள். வலி வரும்போது இருநூறு பேர் ஒன்றாகக் குனிந்தார்கள், போகும்போது ஒன்றாக நிமிர்ந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. வெள்ளத்தின் இரைச்சலும் நர்ஸின் குரலும் மட்டும். திட்டிலே தையல்நாயகி பாயில் ஒருக்களித்துப் படுத்து, தனக்கு வரவேண்டியது எல்லாம் தண்ணீரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்க, சாரதா கொடுத்த கஞ்சியைக் குடித்தாள், கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தாள், தூக்கத்திலும் முனகினாள்.

மூன்று மணிக்குச் சாரதாவின் குரல் வந்தது. "நர்ஸம்மா, தலை தெரியுது. ஆனா இவ முக்க மாட்டேங்குறா. முக்குறா, எங்கயோ முக்குறா. பிள்ளை வந்து வந்து உள்ளே போவுது."

குளோரி பஞ்சை எடுத்துவிட்டு அஞ்சுகத்தின் முகத்தைப் பார்த்தார். "வலி தெரிஞ்சாத்தான் அவளுக்கு எங்க முக்குறதுன்னு தெரியும். இது ரொம்ப நேரம் இப்படி நின்னா பிள்ளைக்கு மூச்சுத் திணறிடும்" என்றார் தணிந்த குரலில்.

யார் அதைத் தையல்நாயகியிடம் சொல்வது என்று அஞ்சுகம் யோசித்துக்கொண்டிருந்தபோதே, போகிற வழியில் அதையும் கேட்டுவிட்டிருந்த அவள் குரல் குழாயிலிருந்து வந்தது, தூங்கி எழுந்த தெளிவான குரல்.

"அண்ணி, எல்லாரும் இவ்வளவு நேரம் வச்சிருந்தது போதும். அதை எனக்கே குடுத்துருங்க."

"தையலு, அது மொத்தமா வரும்டி. ஒண்ணரை ஆள் உயரத்துக்கு வரும்."

"வரட்டும். நான் நல்லாத் தூங்கி எந்திரிச்சிருக்கேன். இது என்னோடது அண்ணி, எனக்கு வேணும்."

அஞ்சுகம் கூட்டத்தைப் பார்த்தாள். மகாலிங்கம் தலையை ஆட்டினான், வேண்டாம் என்றா சரி என்றா அவனுக்கே தெரிந்திருக்காது. அவள் வருகிற வழியின் பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினாள். போகிற வழியைத் தொடவில்லை.

குழாய் செத்தது. இருநூறு பேர் வயிற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் வலி கழன்று போனது, போனது மட்டுமில்லை, அது போன இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது மாதிரி இருந்தது. பலர் தங்களையறியாமல் கையை வைத்துத் தேடிப் பார்த்தார்கள். அங்கே தண்ணீருக்கு அப்பால் ஒருத்தியிடம் அது மொத்தமாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியவில்லை.

நர்ஸ் குளோரி பேசும் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, பதில் வராத அந்தப் பெட்டியோடு பேசிக்கொண்டே இருந்தார். "வலி ஏறுறப்ப மூச்சைப் பிடிச்சிக்க. தாடையை நெஞ்சுல வை. கீழ முக்கு, இன்னும், இன்னும், விடாத. இப்ப விடு. வாயைத் தொறந்து மூச்சு விடு. சாரதா, தலையை இழுக்காத, கையை ஏந்தி வை. மறுபடி வருது. முக்கு கண்ணு, முக்கு." எப்போது வருகிறது என்று சொல்ல இப்போது யார் மணிக்கட்டையும் அழுத்தவில்லை. அவர் தன் வாட்சைப் பார்த்துக் கணக்கு வைத்துப் பேசினார்.

"போடட்டுமா?" என்று மகாலிங்கம் கம்பியைப் பார்த்துக் கேட்டான்.

"இரு" என்றாள் அஞ்சுகம்.

அவள் கையில் கம்பி முனை இருந்தது. பேட்டரிக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல்கடை. சீக்கிரம் தொட்டால் தையல்நாயகியிடமிருந்து பறித்ததாகிவிடும். நேரம் கழித்துத் தொட்டால்? அவள் அப்போது படத்தை நினைத்துக்கொள்ளவில்லை, டிரான்சிஸ்டரை நினைத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து தன் வயிற்றுக்குள் வந்து வந்து போனதை நினைத்துக்கொண்டாள். அதன் நடை இப்போது அவளுக்கு மனப்பாடம். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வரும், எவ்வளவு நேரம் நிற்கும், எப்படித் தணியும். மனசுக்குள்ளேயே ஒவ்வொன்றையும் வரவிட்டு, போகவிட்டாள். ஏழாவது போனபிறகு எட்டாவதற்கு இடமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கம்பியைத் தொட்டாள்.

முதலில் ஒரு இரைச்சல். பிறகு சாரதா அழுதுகொண்டே சிரிக்கிற சத்தம். பிறகு பிள்ளை கத்தியது.

கோயில் குழாய் வழியாக, பஸ் நிறுத்தம் முழுக்க, வெள்ளத்தின் இரைச்சலுக்கு மேலே ஏறி அது கத்தியது. ரேஷன் கடைக்குள் காலையிலிருந்து காதைப் பொத்திக்கொண்டிருந்த பட்டுசாமி கையை எடுத்துவிட்டு வெளியே வந்தார். யாரும் கை தட்டவில்லை. தட்டுவதற்குமுன் எல்லோருக்கும் பசித்தது.

காலையிலிருந்து சாப்பிடாத பசி இல்லை அது. அந்தப் பசியில் சோறு இல்லை, வடை இல்லை, எந்த ருசியின் ஞாபகமும் இல்லை. இதற்குமுன் ஒருநாளும் எதையும் தின்றிராத ஒருவருடைய பசி. இருநூறு பங்காகப் பிரித்தபிறகும் அது அவ்வளவு பெரிதாக இருந்தது. டிரைவர் பஸ்ஸின் மேல் சாய்ந்துகொண்டார். பட்டுப்புடவைக்காரப் பெண் ஒருத்தி இரண்டு கையாலும் மார்பை அழுத்திக்கொண்டாள். ராவுத்தர் ஓடிப்போய் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார், ஒருவரும் அதைத் தொடவில்லை, அவரே ஒன்றை வாயருகே கொண்டுபோய்விட்டு இது வேண்டாம் என்று திரும்ப வைத்தார்.

"தையலு" என்றாள் அஞ்சுகம். "பிள்ளைக்குப் பசிக்குதுடி."

"தெரியும் அண்ணி" என்றாள் அவள். குரல் கரகரத்திருந்தது. "இந்தா, வச்சிக்கிட்டேன்."

அழுகை விக்கலாகி, விக்கல் ஒரு முனகலாகி, பிறகு சப்புகிற சின்னச் சத்தம் மட்டும் குழாயில் கேட்டது. மேலக்கரையில் நின்றிருந்த அத்தனை பேருக்கும், மெல்ல மெல்ல, வயிறு நிறைந்தது.